பாவும் ஊடையும் தெரிந்தால் பாயும் புரியும்

பாலாற்றில் தண்ணீர் ஓடினாலே வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடும் செவிலிமேட்டில் உட்கார்ந்துகொண்டு பாய்மரப் படகு பற்றி எழுதுவது கொஞ்சம் ஓவர்தான். ஆனால் பாய் என்பது துணி. துணி என்றால் எங்க ஊர் சமாச்சாரம்.

சென்னை நண்பர் ஒருவர் பழைய லேசர் வகைப் பந்தயப் படகு வாங்கியிருக்கிறார். "இத்தனை கயிறு எதுக்குப்பா?" என்றார். அதற்காகத் தேடிப் படித்த குறிப்புகள் இவை.

லேசர், இப்போதைய பெயரில் ஐஎல்சிஏ, ஒருவர் ஓட்டும் படகு. 1996 முதல் ஒலிம்பிக்கில் இருக்கிறது. ஆண்கள் பிரிவில் பாய் 7.06 சதுர மீட்டர், பெண்கள் பிரிவில் 5.76. படகின் உடல் ஒன்றேதான். பாய்மரப் படகில் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண்ணான சென்னையின் நேத்ரா குமணன் டோக்கியோவில் ஓட்டியது இந்த வகைதான். 2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் விஷ்ணு சரவணன் வெண்கலம் வென்றதும் இதில்தான். ஒரு பிரிவில் எல்லாருக்கும் ஒரே மாதிரி படகு, ஒரே அளவு பாய். அதனால் பாய்க்கு யார் என்ன வடிவம் கொடுக்கிறார் என்பது பெரிய வித்தியாசம்.

முதல் கயிறு மெயின்ஷீட். இது பாயின் கோணத்தை மாற்றும். புதிதாக வருபவர்கள் இழுத்தால் வேகம் என்று நினைப்பார்கள். அப்படி இல்லை. பின்காற்று தவிர மற்ற நேரங்களில் பாய் விமான இறக்கை மாதிரி. காற்று இருபுறமும் ஒட்டி வழிய வேண்டும். முன்விளிம்பு படபடக்கும்வரை தளர்த்துங்கள். படபடப்பு நிற்கும்வரை மட்டும் இழுங்கள். அதற்கு மேல் இழுத்தால் படகு சாயும், வேகம் குறையும்.

மற்ற மூன்றும் பாயின் 'தொப்பை'க்கானவை. அவுட்ஹால், பாயின் கீழ்ப்பகுதித் தொப்பை எவ்வளவு என்பதை முடிவு செய்கிறது. வாங், அடிக்கம்பைக் கீழே பிடித்து, பாயின் மேல்பகுதி எவ்வளவு முறுக்கிக்கொள்ளலாம் என்று பார்த்துக்கொள்கிறது. கன்னிங்ஹாம், தொப்பை எந்த இடத்தில் இருக்கவேண்டும் என்பதற்கு. காற்று பலமானால் தொப்பை பின்னால் போகும். இதை இழுத்தால் முன்னால் வரும்.

கீழ்நோக்கி இழுக்கும் கயிறு தொப்பையை எப்படி முன்னால் கொண்டுவரும்? ஒரு கைக்குட்டையை எடுங்கள். பாவு நூல் வழியாக இழுத்தால் நீளாது. ஊடை வழியாகவும் அப்படித்தான். மூலைக்கு மூலை இழுத்தால் நீளும், அகலத்தில் சுருங்கும். குறுக்குப் பட்டைகளாகத் தைத்த பாய்களில் ஊடை நூல் பின்விளிம்போடு ஓடும்; அது நீளாது. முன்விளிம்பு நூலுக்குச் சாய்வாக அமையும். அதை இழுக்கும்போது துணி நீண்டு, பின்னாலிருக்கும் துணியைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. தறி பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும்.

ஏன் இவ்வளவு அக்கறை? காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் விசை நாலு மடங்கு. தட்டையாக்காவிட்டால் படகு கவிழும்.

நண்பருக்கு நான் சொன்னது: முதல் சில நாட்கள் மெயின்ஷீட் மட்டும். அப்புறம் ஒரு தடவைக்கு ஒரே ஒரு கயிற்றை மாற்றிப் பாருங்கள். சாஃப்ட்வேர் பிழை தேடுவதும் இப்படித்தானே!