தென்கிழக்கே பார்த்த ஆன்டெனாக்கள்

இலங்கையின் ரூபவாஹினி 1982 பிப்ரவரியில் ஒளிபரப்பைத் தொடங்கியது. சென்னை தூர்தர்ஷன் எட்டாத தென்மாவட்ட வீடுகளில் மொட்டைமாடிக் கம்பங்கள் முளைத்தன. "உசரமா நட்டா படம் வரும்" என்பது அன்றைய நம்பிக்கை. ராஜபாளையத்துக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அது பாதிதான் சரி.

ரூபவாஹினியின் டிரான்ஸ்மிட்டர் இருப்பது 2,524 மீட்டர் உயர பீதுருதாலகால மலையில். இங்கிருந்து நேர்கோட்டில் சுமார் 445 கி.மீ. வி.எச்.எஃப் அலை எட்டும் தூரத்துக்கு எளிய சூத்திரம் உண்டு: இரு முனைகளின் உயரத்துக்கும் (மீட்டரில்) வர்க்கமூலம் எடுத்துக் கூட்டி, 4.12ஆல் பெருக்கினால் கிலோமீட்டர் கிடைக்கும். நம்ம ஆன்டெனா கடல் மட்டத்திலிருந்து 170 மீட்டரில் இருந்தால் விடை 260 கி.மீ. கம்பத்தை இன்னும் 10 மீட்டர் ஏத்தினாலும் கூடுவது ஒன்றரை கி.மீ.தான். பக்கத்து வீடும் தென்னையும் மறைக்காமல் இருக்கத்தான் உயரம் உதவியது.

மீதித் தூரத்தைக் கடத்தியது வானிலை. கடல்மேல் குளிர்ந்த காற்றுக்கு மேலே வெப்பக்காற்று படியும்போது, அலை இரண்டுக்கும் நடுவே குழாய்க்குள் போவதுபோல் வளைந்து வரும். அதனால்தான் ஒருநாள் படம் பளிச்சென்று வரும். மறுநாள் வெறும் புள்ளி.

பிறகு கொடைக்கானல் தூர்தர்ஷன் வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வடக்கே 80 கி.மீ.தான். ஆனால் நடுவில் சதுரகிரி மலைகள். மேற்கு மலையில் பட்டுத் திரும்பும் அலை வேறு ஒரு தொல்லை: சுற்றுப்பாதை 1.5 கி.மீ. கூடினால் 5 மைக்ரோசெகண்ட் தாமதம்; திரையில் பத்தில் ஒரு பங்கு தள்ளி இரண்டாவது உருவம் தெரியும். இதற்கு பூஸ்டர் மருந்தல்ல. நல்லதையும் நிழலையும் சேர்த்தே பெருக்கும். குச்சிகள் அதிகமுள்ள ஆன்டெனா குறுகிய திசையில் மட்டும் கேட்கும். அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புவதே வழி. சிக்னல் பலவீனம்தான் பிரச்சினை என்றால் பூஸ்டர் சரி. அப்போதும் அதை ஆன்டெனா பக்கத்திலேயே மாட்ட வேண்டும். டிவி பக்கம் மாட்டினால், கேபிளில் தேய்ந்துபோன சிக்னலைத்தான் அது பெருக்கும்.

இன்று டிடி ஃப்ரீ டிஷ் வரும் ஜிசாட்-15 கிழக்கு 93.5 பாகையில் நிற்கிறது. ராஜபாளையத்திலிருந்து அதன் திசை வடக்கிலிருந்து வலச்சுற்றாக 120 பாகை. பீதுருதாலகாலவின் திசை 128. ஏறக்குறைய ஒரே பக்கம்! வித்தியாசம் ஒன்றுதான்: இது அடிவானத்திலிருந்து 68 பாகை மேலே இருக்கிறது. எந்த மலையும் மறைக்காது. தலைக்கு மேலே நிற்கும் தென்னை மட்டும் மறைக்கும். டிஷ் மாட்டுமுன் அதைப் பாருங்கள்.