காற்று ஓய்ந்த மாதங்கள்

குமரி மாவட்டத்தின் தோவாளை வட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலை சற்றே விலகி வழிவிடும் இடம் ஆரல்வாய்மொழி. திருவிதாங்கூர் அரசு தன் எல்லையைக் காக்க அரண் எழுப்பிய கணவாய் இது. 1809ஆம் ஆண்டில் ஆங்கிலேயப் படை அவ்வரணைக் கடந்தது. காற்றோ அதற்கு முன்பும் பின்பும் எவரையும் கேளாமல் கடந்துகொண்டிருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று மலையில் மோதி, இவ்விடைவெளியில் நெருக்குண்டு, வேகம் மிகுந்து கிழக்கே பாய்கிறது.

தமிழகத்தின் முதல் காற்றாலைப் பண்ணை 1986இல் தூத்துக்குடியில் அமைந்தது. பின்னர், ஆரல்வாய்மொழியை அடுத்த முப்பந்தல் இந்தியாவின் மிகப்பெரிய காற்றாலைத் தொகுதிகளுள் ஒன்றாக வளர்ந்தது. நெடுஞ்சாலையில் செல்வோர் வைகாசி முதல் புரட்டாசி வரை அவை சுழல்வதைக் கண்டு வியப்பர். தை முதல் சித்திரை வரை அக்கோபுரங்களின் உள்ளே ஏணியேறும் பணியாளர்களைக் காண்பவர் அரிது. காற்று ஓயும் மாதங்களே அவர்களுக்கு அறுவடைக்காலம்.

இதற்கு வலுவான காரணம் உண்டு. ஆடி மாதத்தில் ஒரு காற்றாலையின் பற்சக்கரப் பெட்டி பழுதுபட்டால், பல டன் எடையுள்ள அதனைப் பாரந்தூக்கி கொண்டே கீழே இறக்க வேண்டும். பலத்த காற்றில் உயரமான பாரந்தூக்கியை இயக்குவது ஆபத்து. எந்தக் காற்றுக்காக ஆலை நிறுவப்பட்டதோ, அந்தக் காற்றே பழுதுபார்க்கும் பணியைத் தடுக்கிறது. ஆண்டு முழுவதற்குமான மின்னாக்கத்தின் பெரும்பகுதி கிடைக்கும் நாள்களில் ஆலை வெறுமனே நிற்க நேரிடும்.

பழைய, சிறிய காற்றாலைகளில் இறக்கைகள் நிமிடத்திற்கு ஏறத்தாழ 40 முறை சுழலும். மின்னாக்கியோ நிமிடத்திற்கு 1,000 அல்லது 1,500 சுற்றுகளை ஒட்டிச் சுழல வேண்டும். இவ்விரண்டையும் இணைப்பது பற்சக்கரப் பெட்டி. அதனுள் ஒவ்வொரு தண்டையும் பேரிங்குகள் தாங்குகின்றன. உள்வளையம், வெளிவளையம், இடையே உருளும் எஃகுக் குண்டுகள் அல்லது உருளைகள், அவற்றை இடம்பெயராமல் பிரித்து வைக்கும் கூடு ஆகியவையே பேரிங்கின் உறுப்புகள். குண்டுப் பேரிங்கின் ஆயுள், அது தாங்கும் சுமையின் மும்மடிக்கு எதிர்விகிதத்தில் அமையும். சுமை இரு மடங்கானால் ஆயுள் எட்டில் ஒன்றாகக் குறையும். தண்டுகள் ஒரே நேர்கோட்டில் அமையாமல் மயிரிழையளவு விலகினாலும் இக்கூடுதல் சுமை வந்து சேரும். ஆகவேதான் பணியாளர்கள் லேசர் கருவியின் துணையுடன் தண்டுகளின் நேர்மையைச் சரிபார்க்கின்றனர்.

நெல் ஏற்றிய மாட்டுவண்டியின் அச்சு முனகும் ஒலியைக் கேட்டே வண்டி மை தீர்ந்ததை உணர்ந்தவர்கள் நாஞ்சில் நாட்டு உழவர்கள். ஆலைகளில் பணியாற்றிய மூத்த பொறிவினைஞர்களும் திருப்புளியின் முனையைப் பேரிங் உறையின்மேல் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துப் பழுதைக் கண்டறிந்தனர். இன்று அக்காதின் இடத்தை அதிர்வு உணரி பெற்றுள்ளது. அடிப்படை என்னவோ ஒன்றுதான்.

நிமிடத்திற்கு 1,500 சுற்று என்பது நொடிக்கு 25 சுற்று. எடை சமநிலை தவறியிருந்தால் 25 ஹெர்ட்ஸில் அதிர்வு ஓங்கும். தண்டுகள் நேர்கோட்டில் இல்லையெனில் 50 ஹெர்ட்ஸிலும் பெரும்பாலும் அது தோன்றும். அத்தண்டின் பற்சக்கரத்தில் 20 பற்கள் இருந்தால், பற்கள் பொருந்தும் அதிர்வெண் 500 ஹெர்ட்ஸ். ஒன்பது குண்டுகள் கொண்ட பேரிங்கின் வெளிவளையத்தில் சிறு குழி விழுந்தால், தோராயமாக 90 ஹெர்ட்ஸில் அது தன்னை அறிவிக்கும். குண்டுகளின் எண்ணிக்கையைச் சுற்று வேகத்தால் பெருக்கி, அதில் ஏறத்தாழ நாற்பது விழுக்காட்டை எடுத்துக்கொள்வது பொறியாளர்களின் கைக்கணக்கு. இவ்வாறு, பெட்டியைத் திறக்காமலே நோயுற்ற உறுப்பின் பெயரைச் சொல்லிவிட முடிகிறது. எனினும் ஒருமுறை எடுத்த அளவைக்கொண்டு முடிவு செய்வது பிழையாகலாம். சென்ற ஆண்டு நொடிக்கு 2 மில்லிமீட்டராக இருந்த அதிர்வு இவ்வாண்டு 4 ஆக உயர்ந்திருக்குமாயின், அந்த உயர்வே கவனிக்கத்தக்கது. பணியாளரின் பழைய பதிவேடு விலையுயர்ந்த கருவியைவிடச் சில வேளைகளில் மிகுதியாகப் பேசும்.

எண்ணெயும் சான்று கூறும். பெட்டியிலிருந்து எடுத்த சிறிதளவு எண்ணெயை ஆய்வகத்தில் சோதிக்கும்போது, இரும்புத்துகள் பெருகியிருந்தால் பற்களின் தேய்மானத்தையும், குரோமியம் தென்பட்டால் பேரிங் எஃகின் தேய்மானத்தையும், செம்பு தென்பட்டால் பித்தளைக் கூட்டின் தேய்மானத்தையும் ஐயுறலாம். சிலிக்கன் மிகுந்திருந்தால் வெளிப்புழுதி புகுந்துள்ளது என்பது பொருள். கடல்காற்றின் ஈரம் எண்ணெயில் கலப்பதும் பேரிங்கின் ஆயுளைக் குறைக்கும்.

ஓய்ந்திருக்கும் பொறி தேயாது என்று எண்ணுவது இயல்பு. ஆனால் தண்டு சுழலாமல் நிற்கையில், இளங்காற்றின் சிற்றதிர்வுகளால் குண்டுகள் ஒரே இடத்தில் உரசிக்கொண்டிருக்கும். அவ்விடத்து எண்ணெய்ப் படலம் விலகி, வளையத்தில் வரிவரியான தழும்புகள் உண்டாகும். இதனாலேயே காற்றில்லாக் காலத்திலும் இறக்கைகளை நெடுநாள் பூட்டி வைக்காமல், மெல்லச் சுழல விடுவது வழக்கம்.

ஆனால் உச்சிக்கூட்டினுள் ஆள் இருக்கும் நேரத்தில் அவை அசையவே கூடாது. தடையை மட்டும் நம்பாமல், சுழலும் பகுதியில் எஃகு முளையைச் செருகிப் பூட்டுகின்றனர். மின்னிணைப்பைத் துண்டித்து, பணியில் ஈடுபடும் ஒவ்வொருவரும் தத்தம் பூட்டை மாட்டிச் சாவியைத் தம் சட்டைப்பையில் வைத்துக்கொள்வர். பணி முடிந்ததும் கருவிகளை எண்ணிப் பார்ப்பர். ஒரு திருகி குறைந்தாலும் கூட்டை மூடுவதில்லை. அனைவரும் கீழிறங்கி, கடைசி ஆள் தன் பூட்டைத் தானே கழற்றிய பின்னரே இறக்கைகள் காற்றிடம் ஒப்படைக்கப்படுகின்றன.