முயல் காதில் எண்ணெய் ஊற்றாதீங்க! மனுஷ மாத்திரையே எமன் ஆகும்!

சென்னை,

முயலுக்கு வலி வந்தால் நாய் போல ஊளையிடாது. பூனை போலக் கத்தாது. கூண்டு மூலையில் சுருண்டு உட்கார்ந்துவிடும். "சும்மா தூங்குது" என்று வீட்டில் நினைப்பார்கள். விடிந்து பார்த்தால் செத்துக் கிடக்கும்!

கொலையாளி யார்? சில வீடுகளில் காது நோய். சில வீடுகளில், பாசத்தோடு கொடுத்த மாத்திரை!

துப்பு துலக்குவது எப்படி?

வலி கண்ட முயல் தீனி தின்னாது. பல்லை நறநறவென்று கடிக்கும். கண்ணைப் பாதி மூடி, முதுகைக் கூன் போட்டு உட்காரும். காது நோய் என்றால் தலையை உதறும். பின்னங்காலால் காதைச் சொறியும். தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தால் நோய் உள்காது வரை போயிருக்கலாம்.

காதுக்குள் தவிட்டு நிறத்தில் பொருக்கு அடை அடையாக இருக்கிறதா? அது சொறிப்பூச்சியின் வேலை. பிய்க்காதீர்கள். உயிர் போகும் வலி! டாக்டர் ஐவர்மெக்டின் ஊசி போட்டால் பூச்சி சாகும். பொருக்கு தானாக உதிரும்.

கிருமியால் சீழ் பிடிப்பது வேறு. தொங்கு காது முயல்களுக்கு இது அதிகம். முயலின் சீழ் தண்ணீராக ஓடாது. பனீர் போலக் கெட்டியாக இருக்கும். அதனால் மருந்து லேசில் உள்ளே இறங்காது. வாரக்கணக்கில் வைத்தியம் பார்க்க வேண்டும். ஆபரேஷன் கூடத் தேவைப்படலாம்.

செவிப்பறை ஓட்டையாகி இருந்தால், காய்ச்சி ஊற்றும் எண்ணெய் நேரே உள்ளே போய்விடும். உஷார்!

மாத்திரையில் விஷம்!

நமக்கு வாங்கிய அமாக்சிசிலின், கிளிண்டாமைசின் மாத்திரைகளை முயலுக்குப் புகட்டவே கூடாது. குடலில் உள்ள நல்ல கிருமிகள் அழியும். கெட்ட கிருமி பெருகி விஷம் கக்கும். கழிச்சல் கண்டு முயல் சாகும். நாய் உண்ணிக்கு அடிக்கும் ஃபிப்ரோனில் மருந்தும் ஆகவே ஆகாது.

வலிக்கு மெலாக்சிகாம் உண்டு. ஆனால் எடை பார்த்து டாக்டர்தான் அளவு சொல்ல வேண்டும். வலி குறைந்தால்தான் முயல் தின்னும். தின்றால்தான் குடல் ஓடும். 12 மணி நேரம் தின்னாமல், புழுக்கை போடாமல் இருந்தால் ஆபத்து. உடனே ஆட்டோ பிடியுங்கள். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது.

தூக்கும்போது காதைப் பிடிக்காதீர்கள். மார்பையும் பின்பக்கத்தையும் தாங்கித் தூக்குங்கள்.

"நான் பிடிச்ச முயலுக்கு மூணே கால்" என்று வீட்டு வைத்தியத்தில் வீம்பு பிடித்தால், நாலு காலும் விறைத்துவிடும்!