சுண்டெலி மரபியலும் இதயத்தசை நோயும்: கொங்கு ஊர்ப்பெயர் தாங்கிய இரண்டு ஆய்வுகள்

ஆய்வுச் சுருக்கம்

ஒரு மரபணுவின் பணியை அறிய அதனைச் சுண்டெலியின் உடலில் மாற்றியமைத்து, விளைவைக் காண்பது இன்றைய மரபியலின் முதன்மையான முறைகளுள் ஒன்று. இதயத்தசை நோய் பற்றிய இரண்டு ஆய்வுகளின் வழி இக்கட்டுரை அம்முறையை விளக்குகிறது. தெற்காசியரில் நூற்றுக்கு ஏறத்தாழ நால்வரிடம் காணப்படும் ஒரு மரபணு மாற்றம் நோய்க்குக் காரணமா என்ற வினாவிற்குச் சுண்டெலி எவ்வளவு தொலைவு விடை தரும் என்பதே இதன் மையம்.

திறவுச்சொற்கள்: சுண்டெலி, மரபணு, இதயத்தசை நோய், குளுட்டதயோன், உறவுமுறைத் திருமணம்

முன்னுரை

2007ஆம் ஆண்டு 'செல்' ஆய்விதழில் இதயத்தசை நோய் குறித்து வெளிவந்த கட்டுரையொன்றின் முதல் ஆசிரியர் இராசசேகரன் நாமக்கல் சூரப்பன். 2009ஆம் ஆண்டு 'நேச்சர் ஜெனிட்டிக்ஸ்' இதழில் அதே நோய் குறித்து வெளிவந்த மற்றொரு கட்டுரையின் முதல் ஆசிரியர் பெருந்துறை தண்டபாணி. காவிரிக்குக் கிழக்கே ஓர் ஊர், மேற்கே ஓர் ஊர். இரண்டும் உலக மருத்துவ இலக்கியத்தில் இவ்வாறு பதிவாகியுள்ளன.

சேலம், நாமக்கல் சமவெளிக்கு மரபியல் புதிதன்று. கோழிப்பண்ணைகளில் வளரும் முட்டைக்கோழிகள் பல தலைமுறைத் தேர்வின் விளைவு. ஆனால் அத்தேர்வு பண்பிலிருந்து தொடங்குகிறது. மிகுதியாக முட்டையிடும் கோழியைத் தேர்பவர், அதற்குக் காரணமான மரபணு எதுவெனத் தேட வேண்டியதில்லை. சுண்டெலி மரபியலின் பெரும்பகுதி இத்திசையை மாற்றியது. மரபணு முதலில், அதனை நீக்கினாலோ மாற்றினாலோ உடலில் நேர்வது என்ன என்பது அடுத்து. இதனை இயலச்செய்த இலக்குவழி மரபணு மாற்றத்திற்காகக் கெபெச்சி, எவான்ஸ், சிமித்தீசு ஆகிய மூவர் 2007இல் நோபல் பரிசு பெற்றனர்.

சொல் குறித்து ஒன்று கூறல் தகும். தமிழ்ப் பாடநூல்கள் பலவும் 'எலி' என்ற ஒரே சொல்லால் இரு விலங்குகளையும் குறிக்கின்றன. ஆய்வகத்தில் இவை வெவ்வேறு இனங்கள். வீடுகளில் காணும் சுண்டெலியின் வழிவந்ததே இங்குப் பேசப்படுவது. நல்ல சொல் வழக்கில் இருக்கும்போது அதனைக் கைவிடுவதற்குக் காரணம் இல்லை.

ஒடுக்க அழுத்தம்: காரணத்தைப் பிரித்தறிதல்

ஆல்பா-பி கிரிஸ்டலின் என்பது பிற புரதங்கள் உருக்குலைந்து திரளாமல் காக்கும் புரதம். இதன் 120ஆம் இடத்தில் ஆர்ஜினினுக்குப் பதிலாகக் கிளைசின் அமையும் மாற்றம், தசைநோயுற்ற ஒரு பிரெஞ்சுக் குடும்பத்தில் கண்டறியப்பட்டு 1998இல் அறிவிக்கப்பட்டது. இம்மாற்றம் கொண்ட மனித மரபணுவைச் சுண்டெலியின் இதயத்தில் செயற்படச்செய்தபோது, இதயத்தசையில் புரதத்திரள்கள் தோன்றி இதயம் பருத்தது.

அதுவரை இத்தகைய நோய்களில் ஆக்சிஜனேற்ற அழுத்தமே மிகுதியாகப் பேசப்பட்டது. 2007ஆம் ஆண்டு ஆய்வு கண்டதோ அதன் மறுதலை. நோயுற்ற இதயங்களில் ஒடுக்க வடிவிலான குளுட்டதயோன் மிகுந்திருந்தது. அதன் ஆக்கத்திற்குத் துணைபுரியும் குளுக்கோஸ்-6-பாஸ்பேட் டிஹைட்ரஜனேஸ் நொதியின் செயலும் கூடியிருந்தது. இது நோயின் காரணமா, அல்லது நோயுற்ற உடலின் தற்காப்பு முயற்சியா? குருதி அளவீட்டாலோ திசுச் சோதனையாலோ இதற்கு விடை காண இயலாது.

இந்த இடத்தில்தான் சுண்டெலியின் தனிப்பயன் விளங்குகிறது. நோய்தரும் மரபணு கொண்ட சுண்டெலிகள், மேற்கண்ட நொதி குறைந்த சுண்டெலிகளுடன் இனச்சேர்க்கை செய்யப்பட்டன. நோய் மரபணுவும் நொதிக்குறைவும் ஒருங்கே பெற்ற குட்டிகளில் புரதத்திரளும் இதயப் பருமனும் தணிந்தன. நோய் மரபணு அப்படியே இருக்க, ஒடுக்க ஆற்றல் குறைந்ததும் நோய் தணிந்ததால், அவ்வாற்றலின் மிகுதி நோயின் காரணங்களுள் ஒன்றெனக் கொள்ள இடமுண்டு. ஆக்சிஜனேற்றத் தடுப்பான்கள் எவ்வளவு கூடினும் நன்மையே என்னும் விளம்பரக் கருத்திற்கு இம்முடிவு உகந்ததன்று.

இருபத்தைந்து காரங்களின் இழப்பு

2009ஆம் ஆண்டு ஆய்வு மக்களிடமிருந்து தொடங்கியது. இதயத்தசை இழைகளின் சுருக்கத்தை நெறிப்படுத்தும் மயோசின் பிணைப்புப் புரதம்-சி என்பதற்கான மரபணுவில் 25 காரஇணைகள் விடுபட்டிருப்பது இந்திய நோயாளரிடம் மிகுதியாகக் காணப்பட்டது. இவ்விழப்பு புரதக்குறியீடு இல்லாத 32ஆம் இன்ட்ரானில் உள்ளது. ஆயினும் இதனால் அடுத்துள்ள 33ஆம் எக்ஸான் விடுபட்டு, புரதத்தின் இறுதிப்பகுதி திரிபடையக்கூடும் என ஆய்வாளர் கருதினர். இந்தியத் துணைக்கண்ட மக்களில் ஏறத்தாழ 4 விழுக்காட்டினர் இதனைக் கொண்டுள்ளனர். அதாவது இருபத்தைந்து பேரில் ஒருவர்.

சிக்கலும் அங்கேயே எழுகிறது. இத்தனை பேரிடம் உள்ள மாற்றம் கொடியதெனில், நோயுற்றோர் எண்ணிக்கை இப்போதுள்ளதினும் மிகப்பெரிதாக இருத்தல் வேண்டும். மாற்றம் கொண்டோர் பலர் நலமாகவே வாழ்கின்றனர்.

திரிந்த இறுதிப்பகுதி கொண்ட புரதத்தை இதயத்தில் மட்டும் உண்டாக்கும் சுண்டெலிகளை ஓர் ஆய்வுக்குழு உருவாக்கி, முடிவுகளை 2019இல் வெளியிட்டது. அக்கட்டுரை ஆசிரியர் பட்டியலிலும் நாமக்கல் சூரப்பன் பெயர் உண்டு. திரிந்த புரதம் இயல்பான புரதத்தின் ஏறத்தாழ பாதியளவே இருந்தும், 12 வாரங்களில் இதயம் பருத்தது, நார்த்திசு பெருகியது, இதயம் அளவிற்கு மிஞ்சிச் சுருங்கியது. திரிந்த புரதம் தீங்கு செய்யும் என்பது இதனால் உறுதியாயிற்று. ஆனால் மாற்றம் கொண்ட மனிதரின் இதயத்தில் அப்புரதம் அவ்வளவு உண்டாகிறதா என்பது வேறு வினா. சுண்டெலியிடம் கேட்கப்பட்டது முதல் வினா மட்டுமே. இவ்வேறுபாட்டைக் கருதாது 'சுண்டெலியில் மெய்ப்பிக்கப்பட்டது' என எழுதுவது பிழை.

அளவின் பங்கை முந்தைய ஆய்வுகள் காட்டியுள்ளன. இதே மரபணுவைக் குறைபடச்செய்து 1999இல் அறிவிக்கப்பட்ட சுண்டெலிகளில், இரு படிகளும் மாறியவற்றின் இதயம் விரிந்து வலுவிழந்தது. ஒரு படி மட்டும் மாறியவை இளமையில் ஏறத்தாழ இயல்பாக இருந்து, முதுமையில்தான் இதயத்தசை தடித்தன.

சுண்டெலியின் எல்லைகள்

சுண்டெலியின் இதயம் நிமிடத்திற்கு ஏறத்தாழ 500 முதல் 600 முறை துடிக்கிறது. அதன் கீழறைத் தசையில் மிகுந்திருப்பது ஆல்பா வகை மயோசின். மனிதரில் பீட்டா வகை. சுருக்க வேகம் பற்றிய நோயில் இது சிறிய வேறுபாடன்று. மேலும், ஆய்வகச் சுண்டெலிகள் பல தலைமுறை உடன்பிறப்புச் சேர்க்கையால் மரபணு ஒருமை பெற்றவை. ஒரு மாற்றத்தைத் தனித்துக் காண அவ்வொருமை உதவும். மனிதரிலோ ஒரு மாற்றம் அண்டை மாற்றங்களுடன் சேர்ந்தே தலைமுறை கடக்கிறது.

பின்னர் நிகழ்ந்ததும் அதுவே. 25 காரஇழப்புக் கொண்டோருள் ஒரு சிறு பிரிவினரிடம் அதே மரபணுவில் வேறொரு மாற்றமும் சேர்ந்திருப்பதையும், அவர்களிடமே இதயச் செயற்பாட்டு வேறுபாடு தோன்றுவதையும் 2018ஆம் ஆண்டு ஆய்வொன்று காட்டியது. 2020இல் வெளிவந்த மறு ஆய்வு, தசைத்தடிப்பு நோயுடனான தொடர்பு, இவ்விழப்புடன் ஒரே குரோமோசோமில் சேர்ந்து வரும் மற்றோர் இன்ட்ரான் மாற்றத்தால் விளக்கப்படுகிறது என்றது. இழப்பைத் தனியே கொண்டோர்க்கு முன்னர்க் கருதியதைவிட அச்சம் குறைவு என்பது இதன் பொருள்.

அக்கை மகளையும் மாமன் மகளையும் மணக்கும் வழக்கம் முற்றிலும் மறையாத இச்சமவெளியில் இவ்வேறுபாடு ஏட்டளவினதன்று. உறவுமுறைத் திருமணத்தில் ஒரே முன்னோரின் மாற்றம் இருவழியிலும் குழந்தையை அடையும் வாய்ப்பு மிகுதி. அத்தகைய குடும்பத்தினர்க்கு '25 காரஇழப்பு உள்ளது' என்னும் ஒருவரி ஆய்வறிக்கை வீண் அச்சத்தையே தரும். அவ்விழப்புடன் அண்டை மாற்றங்கள் சேர்ந்துள்ளனவா, ஒரு படியா இரு படியா என்னும் விவரங்களும் அறிக்கையில் இடம்பெற்றால்தான் மருத்துவர் அவர்களுக்கு உரிய அறிவுரை கூற இயலும்.