படத்தின் பின்பக்கம்

தேயிலைச் சரிவில் முதுகில் கூடையோடு நிற்கும் பெண்ணின் பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று ஒரு கலைக்கூடத்துக்கு வந்து சேர்கிறது என்று வைத்துக்கொள்வோம். கண்காட்சி அமைப்பவர் அதன் ஒளியைப் பார்ப்பார், மலைச்சரிவின் கோடுகளைப் பார்ப்பார். அங்கே புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஆவணக் காப்பாளர் முதலில் படத்தைத் திருப்பிப் பார்ப்பார். ஸ்டூடியோ முத்திரை இருக்கிறதா? பென்சிலில் தேதியோ பெயரோ உண்டா? எந்த உறையில் வந்தது, அதே உறையில் வேறு என்னென்ன இருந்தன?

கலைக்கூடத்துக்குள் ஆவணக் காப்பகம் என்று ஒரு பிரிவு இருப்பது பலருக்குத் தெரியாது. ஓவியரின் கடிதங்கள், விலைச் சீட்டுகள், கண்காட்சி அழைப்பிதழ்கள், கூட்டக் குறிப்புகள், பத்திரிகை நறுக்குகள், காட்சி அரங்கின் புகைப்படங்கள் எல்லாம் அங்கேதான் போகும். சுவரில் மாட்டப்படாத இந்தத் தாள்களுக்கு மதிப்பு மெதுவாகத்தான் வந்தது. நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் 1929இல் தொடங்கியது. அந்த அருங்காட்சியகம் தனக்கென ஓர் ஆவணக் காப்பகம் அமைத்ததோ 1989இல்.

அந்தத் தாள்கள் என்ன செய்யும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து திருடுபோன நடராஜர் செப்புச்சிலையை, 2008இல் ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் சுபாஷ் கபூர் என்ற வியாபாரியிடம் வாங்கியது. கொடுத்த விலை ஐம்பது லட்சம் அமெரிக்க டாலர். சிலை நேர்மையான வழியில் வந்ததாகக் காட்டும் காகிதங்களும் கூடவே வந்தன. ஆனால் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1956 முதல் தென்னிந்தியக் கோயில்களைப் படம் எடுத்துச் சேர்த்துவைத்திருந்தது. அந்தத் தொகுப்பில் இதே நடராஜர் கோயிலில் இருந்தபோது எடுத்த படமும் இருந்தது. அந்தப் படம் திருட்டைக் காட்டிக்கொடுக்க, 2014 செப்டம்பரில் சிலை இந்தியாவுக்குத் திரும்பி வந்தது. படத்தை எடுத்தவர் மட்டும் போதாது. எந்த ஊர், எந்தக் கோயில் என்று எழுதி, பிறகு தேடினால் கிடைக்கும்படி அடுக்கிவைத்தவரும் வேண்டும். அந்த இரண்டாவது ஆளின் தொழிலைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

இத்தொழிலின் அடிப்படை விதிகள் இரண்டு. 1898இல் நெதர்லாந்தைச் சேர்ந்த மூவர் எழுதிய கையேடு அவற்றை உலகெங்கும் பரப்பியது. ஒருவரிடமிருந்து வந்த தாள்களை இன்னொருவருடையதோடு கலக்கக் கூடாது என்பது ஒன்று. வைத்திருந்தவர் எந்த வரிசையில் வைத்திருந்தாரோ அதைக் குலைக்கக் கூடாது என்பது மற்றது. புதிதாக வருபவருக்கு இரண்டாவது விதிதான் கஷ்டம். பெட்டியைத் திறந்தவுடன் படங்களை ஒரு பக்கம், கடிதங்களை ஒரு பக்கம் என்று பிரித்து அழகாக அடுக்கக் கை பரபரக்கும். அப்படிப் பிரித்தால் கடிதத்துக்குள் மடித்துவைத்த படம் யாருடையது என்பது அன்றோடு தொலைந்துபோகும்.

தேயிலைத் தோட்டத்தை வைத்துப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். தோட்டத்து வாழ்க்கை எழுத்தில் பதிவானது பெரும்பாலும் கிராணி என்ற தோட்ட எழுத்தரின் கையால். காலைப் பெரட்டில் பெயர் கூப்பிட்டு, யார் வந்தார், எத்தனை ராத்தல் கொழுந்து பறித்தார், என்ன சம்பளம் என்று செக்ரோல் என்ற பதிவேட்டில் ஏற்றினார். இன்னொரு பக்கம், மலேசியாவின் கேமரன் மலையின் அழகைக் காட்ட எடுத்த படங்களில் கொழுந்து பறிக்கும் பெண்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், பெரும்பாலும் பெயர் இல்லாமல். முகம் ஒரு பெட்டியில், பெயர் இன்னொரு பெட்டியில். எந்தத் தோட்டம், எந்த ஆண்டு, எந்தத் தண்டலின் (மேற்பார்வையாளரின்) கூட்டம் என்ற விவரங்கள் இருந்தால்தான் இரண்டையும் சேர்க்க முடியும். என்னைக் கேட்டால், இந்த நாட்டில் ஓர் இளம் ஆவணக் காப்பாளர் தன் வாழ்நாளையே செலவிடத் தகுந்த வேலை இது.

ஆனால் தாள் காத்திருக்காது. 19ஆம் நூற்றாண்டின் பின்பாதியிலிருந்து பெரும்பாலான தாள்கள் மரக்கூழில் செய்யப்பட்டவை. மை ஊறாமலிருக்கச் சேர்த்த படிகாரமும் ரோசினும் தாளுக்குள் அமிலமாகி, செல்லுலோஸ் இழைகளைச் சிறுகச் சிறுக அறுக்கின்றன. ஓரம் பழுப்பதும் மடித்த இடத்தில் உடைவதும் இதனால்தான். வெப்பம் இந்த வேதிவினையை விரைவுபடுத்தும், குளிர் தாமதப்படுத்தும். அந்த வகையில் கேமரன் மலைக்கு ஒரு வரம் இருக்கிறது. ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரத்தில் உள்ள தானா ராத்தாவில் பகலிலேயே 22, 23 டிகிரிதான். கீழே மலையடிவாரத் தாப்பாவில் வெந்துபோகும் தாள் மேலே மெதுவாகத்தான் மூப்படையும்.

வரத்தோடு கேடும் உண்டு. அந்த மலையில் ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை, அடிக்கடி பனிமூட்டம். காற்றின் ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டி நீடித்தால் பூஞ்சணம் பிடிக்கும். புகைப்படத்தின் மேற்பூச்சான ஜெலட்டின் பூஞ்சணத்துக்கு நல்ல தீனி. ஈரம் பட்டால் இளகி, பக்கத்துப் படத்தோடு ஒட்டிக்கொள்ளும். இராமபாணப் பூச்சிக்கும் ஈரம்தான் பிடிக்கும். தொழிற்சாலையில் தேயிலையை மூன்று விழுக்காடு ஈரம் மிஞ்சும்வரை உலர்த்துவதுபோல் தாளையும் உலர்த்திவிட முடியாது, நொறுங்கிவிடும். 35 முதல் 50 விழுக்காடு வரை காற்றின் ஈரப்பதம் ஏறாமல் இறங்காமல் இருந்தால் போதும்.

முதல் சில ஆண்டுகளின் அன்றாட வேலையில் பகட்டு கிடையாது. துருப்பிடித்த குண்டூசியையும் ஸ்டேப்ளையும் தாள் கிழியாமல் எடுப்பது, உருகி ஒட்டிய ரப்பர் பட்டையைச் சுரண்டுவது, அமிலமற்ற உறைக்கும் பெட்டிக்கும் மாற்றுவது, ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்து விவரப் பட்டியல் எழுதுவது. அந்த மேசையில் பேனாவுக்கு இடமில்லை, பென்சில் மட்டும்தான். கழுவித் துடைத்த வெறும் கையால் தாளைத் தொடலாம், கையுறை போட்டால் விரலின் உணர்வு மங்கித் தாள் கிழியும். புகைப்படத்துக்கும் நெகட்டிவுக்கும்தான் கையுறை. ஃபிலிம் டப்பாவைத் திறந்ததும் வினிகர் வாடை வந்தால் அசிட்டேட் ஃபிலிம் சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். உடனே அதைத் தனியே எடுத்துக் குளிரில் வைக்க வேண்டும். பூச்சி அரித்த கட்டுகளை நெகிழிப் பையில் மூடி, உறைகுளிரில் சில நாள் வைத்தால் மருந்தில்லாமலே பூச்சி சாகும்.

மலேசியாவில் தேசிய ஆவணக் காப்பகம் 1957 டிசம்பரிலேயே அமைந்துவிட்டது. அது அரசின் நினைவைக் காக்கிறது. தோட்டத்து மக்களின் நினைவுக்கு இலங்கையில் ஒரு முன்மாதிரி இருக்கிறது. கம்பளை அருகே பீகாக் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருந்த பழைய லயன் அறைகளிலேயே 2007இல் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமும் ஆவணக் காப்பகமும் திறக்கப்பட்டன. கண்டியிலுள்ள சமூக அபிவிருத்தி நிறுவகம் அதை உருவாக்கியது. அங்கே தொழிலாளர் வீட்டுப் பொருள்களும் தாள்களும் அவர்கள் வாழ்ந்த கூரையின் கீழேயே இருக்கின்றன.

கேமரன் மலையில் இன்று கொழுந்து பறிப்பவர்களில் பெரும்பாலோர் வங்காளதேசம், நேப்பாளம் போன்ற நாடுகளிலிருந்து வந்தவர்கள். தமிழ்க் குடும்பங்கள் பல காய்கறித் தோட்டங்களுக்கும் ஈப்போ, கோலாலம்பூர் போன்ற நகரங்களுக்கும் போய்விட்டன. சிவப்பு அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், தொழிற்சங்கச் சந்தா ரசீது, லயத்து வாசலில் எடுத்த கல்யாணப் படம் எல்லாம் அவர்கள் வீட்டு அலமாரியில் பிஸ்கட் டின்னுக்குள் கிடக்கும். ஒரு நாள் இவை ஆவணக் காப்பாளரின் மேசைக்கு வரக்கூடும். அதுவரை வீட்டிலேயே செய்யக்கூடியவை சில உண்டு. கிழிந்த இடத்தில் செலோடேப் ஒட்ட வேண்டாம், அதன் பசை காலப்போக்கில் தாளுக்குள் இறங்கிக் கறையாகும். லேமினேட் செய்யவும் வேண்டாம், பிறகு பிரிக்க முடியாது. பிவிசி நெகிழி ஆல்பத்திலிருந்து படங்களை எடுத்து ஒவ்வொன்றையும் தனித்தனி வெள்ளைத் தாள் உறையில் போடுங்கள். படத்தில் இருப்பவர் பெயர், தோட்டத்தின் பெயர், ஏறத்தாழ எந்த ஆண்டு என்பதைப் பழையவர்களிடம் கேட்டு மென்மையான பென்சிலால் உறைமேல் எழுதுங்கள். படத்தைப் போடுவதற்கு முன்பே எழுதிவிட வேண்டும். உள்ளே படம் இருக்கும்போது எழுதினால் பென்சிலின் அழுத்தம் படத்தில் தடமாகப் பதிந்துவிடும்.