மாரிக்கு முன் பழுக்கும் மாதுளை

வீட்டு மாதுளையைப் பற்றி வரும் முறைப்பாடுகள் பெரும்பாலும் இரண்டுதான்: பூ கொட்டுகிறது, காய் வெடிக்கிறது.

முதலாவதற்கு அதிகம் கவலைப்படத் தேவையில்லை. மாதுளையில் அடி ஒடுங்கிய பூ ஆண்பூ. அது உதிர்ந்தே தீரும். அடி பருத்த பூவே காயாகும்.

வெடிப்புத்தான் வன்னியிலுள்ள வற்றாப்பளை போன்ற ஊர்களுக்குரிய சிக்கல். தண்ணீர் காணாத நாட்களில் காயின் தோல் இறுகிவிடும். பிறகு திடீரென வேர் நிறைய நீரை உறிஞ்சினால் உள்ளே மணிகள் ஊதும், தோல் இடங்கொடாமல் பிளக்கும். மண்ணில் போரன் சத்துக் குறைந்தாலும் இது நேரலாம். ஆனால், பெரும்பாலான வீடுகளில் காரணம் ஒழுங்கில்லாத தண்ணீர்தான்.

வன்னியின் மழையில் பெரும்பங்கு ஐப்பசி முதல் மார்கழி வரை கொட்டித் தீர்த்துவிடும். சோளகம் வீசும் மாதங்களில் நிலம் காய்ந்து கிடக்கும். பூவிலிருந்து பழமாக ஐந்து முதல் ஏழு மாதங்கள் செல்வதால், ஆனியில் பூத்தது சரியாக மாரிக்குள் போய் மாட்டிக்கொள்ளும்.

இதற்கு வழி மரத்தைப் பட்டினி போடுவது. மகாராட்டிரத்தின் சோலாப்பூர் மாவட்டத்தில், 2005 இல் இந்தியாவின் தேசிய மாதுளை ஆராய்ச்சி நிலையம் அமைந்த பகுதியில், தோட்டக்காரர் வேண்டிய பருவத்துக்கு முன் சில வாரங்கள் தண்ணீரை நிறுத்துகிறார்கள். இலை பழுத்து உதிர்ந்ததும் கவாத்துச் செய்து, எருவிட்டு, மீண்டும் பாய்ச்சினால் மரம் முழுவதும் ஒன்றாகப் பூக்கும். நமக்குத் தையில் மழை ஓய்ந்ததும் இதைத் தொடங்குவது தோது. மாசி, பங்குனியில் பூ வந்தால் கண்ணகி அம்மன் பொங்கலுக்குச் சனம் திரளும் வைகாசியில் மரத்தில் காய் நிற்கும். ஆவணி, புரட்டாதியில் பறித்துவிடலாம்.

காய் பிடித்தபின் பட்டினி கூடாது. மணல் நிலத்தில் இரண்டு மூன்று நாளுக்கொருமுறை, தண்டடியில் அல்லாமல் கிளை நிழல் விழும் வட்டத்தில், ஆழம்வரை ஊறும்படி ஊற்றுங்கள். மேலே பொச்சு மட்டையைப் பரப்பினால் ஈரம் நிற்கும். நந்திக்கடலோரம் கோடையில் கிணறு சவர்த்தால் அதிகம் பயப்பட வேண்டாம். ஓரளவு உப்பை மாதுளை தாங்கும். தாங்காதது தேங்கும் வெள்ளம். ஆகவே மேட்டில் நடுவதே சரி.

இன்னொரு பகை, பூவிலும் பிஞ்சிலும் முட்டையிடும் ஒரு வண்ணத்துப்பூச்சி. அதன் புழு காயைத் துளைத்து உள்ளே போய்விடும். மருந்தடிப்பதைவிடப் பிஞ்சுகளைத் துணிப்பையால் கட்டுவதே வீட்டுக்கு நல்லது.

புதிதாக நடுபவர்கள் விதை போட வேண்டாம். தாய்மரத்தின் குணம் அதில் அப்படியே வராது. நல்ல பழம் தரும் அயல்வீட்டு மரத்தில் பென்சில் பருமனான முற்றிய தடி ஒன்றை ஒரு சாண் நீளத்தில் கேட்டு வாங்கி நடுங்கள்.