ஆற்றங்கரையில் ஓர் இரவு: புறப்படுமுன் அறிய வேண்டியவை

வலியசாலையிலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாக ஏறக்குறைய 45 கிலோமீட்டர் சென்றால் கல்லாறு வந்துவிடும். பொன்முடி மலைப்பாதையின் 22 கொண்டை ஊசி வளைவுகளும் அதற்கு மேல்தான் தொடங்குகின்றன. உருண்டைக் கற்களின்மீது தெளிந்தோடும் இந்த ஆறு, 88 கிலோமீட்டர் நீளமுள்ள வாமனபுரம் ஆற்றின் மேற்பகுதியாகும். இத்தகைய ஆற்றங்கரைகளில் கூடாரமிட்டுத் தங்குவது இப்போது குடும்பங்களிடையே பரவி வருகிறது. நல்ல பழக்கந்தான், ஆயினும் சில செய்திகளை அறிந்து செல்வது நலம்.

சில ஆண்டுகளுக்கு முன் பூஜை விடுமுறையில் நாங்களும் அப்படியொரு சிறிய கூடாரத்தலத்திற்குச் சென்றோம். நீரையொட்டிய கூழாங்கல் திட்டிலேயே கூடாரம் வேண்டும் என்று என் மகள் அடம்பிடித்தாள். தலத்தை நடத்தும் பெரியவரோ இரண்டு ஆள் உயர மேட்டில்தான் இடம் தருவேன் என்றார். "அந்தக் கிளையில் சிக்கியிருக்கும் சருகைப் பார் மோளே, போன மாதம் ஆறு அதுவரை ஏறியது" என்று அவளுக்குக் காட்டினார். அந்தக் கிளை என் தலைக்கு மேலே இருந்தது.

அன்றிரவு எங்கள்மேல் ஒரு துளியும் விழவில்லை. வானில் விண்மீன்கள் தெரிந்தன. நள்ளிரவுக்குப் பின் ஆற்றின் ஓசை மாறியது. விடிந்து பார்க்கையில், மகள் கேட்ட திட்டின்மீது செந்நிற நீர் சுழித்தோடிக்கொண்டிருந்தது.

மழையின்றி வெள்ளம் வருவது எப்படி?

மேற்குத் தொடர்ச்சி மலையின் இப்பகுதி செங்குத்தானது. பாறைமீது மண் மெல்லியதாகவே படிந்திருப்பதால், பெருமழையில் நீர் ஊறுவதற்குள் வழிந்து ஓடைகளில் சேர்ந்துவிடுகிறது. உச்சியில் பெய்த மழை மிகக் குறுகிய நேரத்தில் கீழே வந்து சேரும். இங்குள்ளோர் இதனை 'மலவெள்ளம்' என்பர். துலாவர்ஷம் எனப்படும் ஐப்பசி, கார்த்திகை மழை பெரும்பாலும் பிற்பகலுக்குப் பின் இடியுடன் மலைமீது பெய்வதால், அந்நாள்களில் மாலையும் இரவும் கூடுதல் கவனம் தேவை.

தெளிந்த நீர் திடீரெனக் கலங்குதல், சருகும் சுள்ளியும் மிதந்து வருதல், ஓசை கனத்தல் ஆகிய மூன்றும் முன்னறிகுறிகள். இவற்றுள் ஒன்றைக் கண்டாலும் பொருள்களை விட்டுவிட்டு உடனே மேடேறுக. ஆற்றைக் கடந்து மறுகரைக்குச் செல்ல முயலாதீர்.

புறப்படுமுன் இந்திய வானிலை ஆய்வுத் துறையின் எச்சரிக்கையைப் பார்ப்பது அவசியம். 24 மணி நேரத்தில் 64.5 முதல் 115.5 மில்லிமீட்டர் வரை மழை எதிர்பார்க்கப்பட்டால் மஞ்சள், 204.4 வரை ஆரஞ்சு. அதற்கு மேல் சிவப்பு. நாம் தங்கும் ஊருக்கன்றி, ஆறு பிறக்கும் மலைக்கு என்ன நிறம் என்பதையே கவனிக்க வேண்டும். அவசர உதவிக்கான எண் 112. மலையில் அலைபேசித் தொடர்பு கிடைக்காமற் போகலாம் என்பதால், செல்லுமிடத்தையும் திரும்பும் நேரத்தையும் வீட்டிலுள்ளோரிடம் சொல்லிச் செல்க.

முன்பணம் செலுத்துகையில்

உள்ளாட்சியின் உரிமம் கூடாரங்களுக்கும் சேர்த்துப் பெறப்பட்டுள்ளதா என்று முதலில் கேளுங்கள். 2021 சனவரியில் வயநாட்டின் மேப்பாடியில் கூடாரத்தில் தங்கிய பெண் ஒருவர் யானை தாக்கி உயிரிழந்தபின்தான், பலருக்கு இக்கேள்வியே தோன்றியது.

அழகிய படங்களை மட்டும் நம்பி முழுத் தொகையையும் அனுப்ப வேண்டா. யுபிஐ வழியே செலுத்துமுன் திரையில் தோன்றும் பெயர், நீங்கள் பேசியவரின் பெயரோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். "பயணம் ரத்து, பணத்தைத் திருப்பித் தருகிறோம், பின் எண்ணை இடுங்கள்" என்று எவரேனும் கூறினால் அது மோசடியே. பணம் பெறுவதற்குப் பின் எண் தேவையே இல்லை. ஏமாந்ததாக உணர்ந்த உடனே 1930 என்ற எண்ணிலும் உங்கள் வங்கியிலும் தெரிவியுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பணத்தை மீட்கும் வாய்ப்பைக் குறைக்கும். தொடர்பு கிட்டாத இடங்களுக்காகச் சிறிய ரூபாய்த் தாள்களும் கையில் இருக்கட்டும்.

இருபது ரூபாய்க் காப்பு

18 முதல் 70 வயது வரையிலான கணக்குதாரர்கள் பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனாவில் ஆண்டுக்கு 20 ரூபாய் செலுத்திச் சேரலாம். விபத்தில் உயிரிழப்பு நேர்ந்தால் 2 லட்சம் ரூபாய் கிடைக்கும். நீரில் மூழ்கி இறப்பதும் இதில் அடங்கும். ஆனால் காவல் துறையில் பதிவு செய்திருக்க வேண்டும். காப்புக் காலம் சூன் 1 முதல் மே 31 வரை. மே இறுதியில் கணக்கில் இருப்பு இல்லாமையால் இக்காப்பு விட்டுப்போவதுண்டு. ஆகவே பயணத்திற்கு முன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்க.

கூடாரத்தை முன்பதிவு செய்யும்போது பலரும் கேட்பது, "ஆறு எவ்வளவு அருகில்?" என்பதே. "ஆற்றைவிட எவ்வளவு உயரத்தில்?" என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். என் மகள் இப்போதெல்லாம் எந்த ஆற்றங்கரைக்குச் சென்றாலும், முதலில் மரக்கிளைகளைத்தான் அண்ணாந்து பார்க்கிறாள்.